'டாக்டர் வந்தும் யானை ஏன் செத்துப்போச்சு?' - குழந்தை கேட்டால் என்ன சொல்வது?

2025 மே 17. கோவை மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை எழுந்து நிற்க முடியாமல் விழுந்து கிடந்தது. பக்கத்தில் அதன் குட்டி. தாயை எழுப்பப் பார்த்த அந்தக் குட்டியின் வீடியோ கொஞ்ச நேரத்திலேயே வாட்ஸ்அப் குரூப்களைச் சுற்றி வந்துவிட்டது.

கால்நடை மருத்துவர்கள் வந்தார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். கிரேனில் பெல்ட் கட்டித் தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள். பெரிய குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, அதில் யானையை இறக்கி 'ஹைட்ரோதெரபி' கொடுத்தார்கள். நான்கு நாள் போராட்டம். மே 20-ம் தேதி யானை இறந்துபோனது. உடற்கூராய்வில் அதன் வயிற்றில் ஒரு கரு இருந்தது தெரியவந்தது. கூடவே பிளாஸ்டிக் கழிவும்.

போனில் இதைப் பார்த்தது பெரியவர்கள் மட்டும் இல்லை. வீட்டில் நான்கு, ஐந்து வயதுக் குழந்தை இருந்தால், அந்த வீடியோ அதன் கண்ணிலும் பட்டிருக்கும். அடுத்து வரும் கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான். 'டாக்டர் வந்தாரே, அப்புறம் ஏன் செத்துப்போச்சு?'

எல்.கே.ஜி., யு.கே.ஜி. புத்தகங்களில் 'நமக்கு உதவுபவர்கள்' பக்கம் இருக்கும். போலீஸ், போஸ்ட்மேன், டாக்டர் வரிசையில் கடைசியாக ஒரு கால்நடை மருத்துவர். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், மேஜை மேல் சிரித்தபடி ஒரு நாய்க்குட்டி. அந்தப் படத்தில் நாய்க்குட்டிக்குப் பதில் சிங்கத்தையோ யானையையோ வைத்தால் அதுதான் 'காட்டு டாக்டர்'. காலில் பேண்டேஜ், வாயில் தெர்மாமீட்டர், கடைசியில் கட்டிப்பிடித்து ஒரு நன்றி.

அழகான படம்தான். ஆனால் அதில் இருப்பது எதுவுமே காட்டில் நடப்பதில்லை. அந்தப் படத்தோடு வளரும் குழந்தை, அடிபட்ட குரங்கைப் பார்த்தால் கையை நீட்டும். ரோட்டோரம் நிற்கும் யானைக்கு வாழைப்பழம் கொடுக்க ஆசைப்படும். கொஞ்சம் வளர்ந்த பிறகு அதையே செல்ஃபி ஸ்டிக்கோடு செய்யும்.

அப்போ, உண்மையில் காட்டு விலங்குக்கு வைத்தியம் எப்படி நடக்கிறது? குழந்தைக்கு அதில் எவ்வளவு சொல்லலாம்?

கிட்டப் போகாத டாக்டர்

முதல் விஷயமே குழந்தைகளுக்குப் பிடிக்கும். இந்த டாக்டர் நோயாளியிடம் 'வாயைத் திற, ஆ சொல்லு' என்று கேட்க முடியாது. நோயாளி எங்கே இருக்கிறது என்று தேடிப் போவதே பாதி வேலை. கண்டுபிடித்த பிறகும் தூரத்தில் நின்று பைனாகுலரில் பார்க்க வேண்டும். காது அசைகிறதா, தும்பிக்கையால் எடுத்த புல் வாய்க்குப் போகிறதா, எந்தக் காலை ஊன்றாமல் நடக்கிறது, கூட்டத்தோடு இருக்கிறதா, தனியாக நிற்கிறதா... எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது லத்தி. யானை போட்ட லத்தியைப் பிரித்துப் பார்த்தால் அது என்ன தின்றது, ஒழுங்காகச் செரித்ததா, புழு இருக்கிறதா, பிளாஸ்டிக் இருக்கிறதா என்றெல்லாம் தெரியும். லத்தி உருண்டையின் அளவை வைத்து யானைக்கு வயது எவ்வளவு இருக்கும் என்றுகூட ஓரளவு கணிக்கலாம். 'டாக்டர் அங்கிள் யானை கக்காவைக் குச்சியால கிளறிப் பார்ப்பாரு' என்று ஆரம்பித்தால் போதும், ஐந்து வயதுக் குழந்தை அரை மணி நேரம் அசையாமல் கதை கேட்கும்.

இன்னொரு சுவாரசியமான கணக்கும் உண்டு. ஆசிய யானையின் முன்னங்கால் பாதத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால், ஏறக்குறைய அதன் தோள் உயரம் கிடைத்துவிடும். மண்ணில் பதிந்த கால் தடமே போதும், யானை பக்கத்தில் இருக்கவே வேண்டாம். தரையில் சாக்பீஸால் ஒரு பெரிய வட்டம் போட்டு, நூலால் சுற்றளவு எடுத்து, அதே நூலைச் சுவரில் இரண்டு மடங்கு வைத்துக் காட்டினால், குழந்தைக்கு யானை எவ்வளவு உயரம் என்று அப்போதே புரிந்துவிடும்.

மருந்து கொடுப்பதிலும் தந்திரம் வேண்டும். சின்னக் காயம் என்றால் பலாப்பழத்துக்குள்ளோ வாழைப்பழத்துக்குள்ளோ மாத்திரையை மறைத்து, யானை வரும் வழியில் வைப்பார்கள். அம்மா இட்லிக்குள் மாத்திரையை ஒளித்து வைப்பது போலத்தான். கண்டுபிடித்துத் துப்பிவிடும் யானைகளும் இருக்கின்றன.

மயக்க ஊசி என்பது சின்ன விஷயமா?

இல்லவே இல்லை. சினிமாவில் துப்பாக்கியால் சுட்டதும் விலங்கு பொத்தென்று விழும். நிஜத்தில் மருந்து வேலை செய்யப் பல நிமிடங்கள் ஆகும். அதுவரை மிரண்ட விலங்கு எங்கே வேண்டுமானாலும் ஓடலாம். பள்ளத்தில் விழலாம், தண்ணீருக்குள் இறங்கலாம். எடை தெரியாமல் மருந்தின் அளவைக் கணிக்க வேண்டும். குறைந்தால் ஆட்கள் உயிருக்கு ஆபத்து, கூடினால் யானை உயிருக்கு ஆபத்து. அதனால்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி, யானை, புலி போன்ற விலங்குகளை மயக்க ஊசி போட்டுப் பிடிக்க மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். டாக்டரே நினைத்தாலும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது.

ஊசி வேலை செய்ய ஆரம்பித்ததும் யானையின் காது ஆட்டம் நிற்கும். தும்பிக்கை தொங்கிப்போகும். குறட்டை மாதிரி சத்தம் வரும். அப்போதுதான் மருத்துவக் குழு கிட்டப் போகும். பக்கத்தில் 'நர்ஸ்' மாதிரி இரண்டு மூன்று கும்கி யானைகள். மயங்கிய யானையின் உடம்பு சூடாகிவிடும் என்பதால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கண்ணைத் துணியால் மூடுவார்கள். கூடுமானவரை நிற்க வைத்தே வைத்தியத்தை முடிக்கப் பார்ப்பார்கள்.

ஏன் நிற்க வைத்தே? யானையின் உடம்பு அப்படி. நம் நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி இருக்கிறது. யானைக்கு அந்த இடத்தில் திசு நிறைந்திருப்பதால், நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டினாற்போல் இருக்கும். மூச்சு விட மார்புத் தசைதான் உழைக்க வேண்டும். நெஞ்சு தரையில் அழுந்த யானை படுத்துவிட்டால் மூச்சுத் திணறிவிடும். ஒரு பக்கமாக நீண்ட நேரம் கிடந்தாலும், டன் கணக்கான சொந்த எடையே தசைகளை நசுக்கிவிடும். மருதமலையில் கிரேனும் தண்ணீர்க் குழியும் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இதுதான். தண்ணீர் அந்த எடையைத் தாங்கிப் பிடிக்கும்.

குழந்தைக்கு இதைச் சொல்ல ஒரு பக்கெட் போதும். தண்ணீருக்குள் பந்தை அமுக்கினால் மேலே தள்ளுகிறது இல்லையா? அதே மாதிரி தண்ணீர் யானையையும் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும்.

வேலை முடிந்ததும் மயக்கத்தைத் தெளிய வைக்கும் எதிர் மருந்தை, பெரும்பாலும் காது நரம்பில், போட்டுவிட்டு எல்லோரும் விலகிவிடுவார்கள். கண் விழித்த யானைக்குத் தன்னைக் காப்பாற்றியது யார் என்று தெரியாது. தெரியவும் கூடாது.

நன்றி சொல்லாத நோயாளி

கார்ட்டூன்கள் தவறவிடும் இடம் இதுதான். வீட்டு நாய்க்கு டாக்டர் நண்பராக இருக்கலாம். காட்டு விலங்கு மனிதனிடம் பழகிவிட்டால், அது வைத்தியம் செய்பவர்களுக்குக் கவலையான செய்தி. மனித வாசனை பிடித்துப்போன விலங்கு சோறு தேடி ஊருக்குள் வரும். ஊருக்குள் வந்தால் அடி வாங்கும்.

மசினகுடி பக்கத்து 'ரிவால்டோ' யானையின் கதை இதற்குச் சரியான உதாரணம். தும்பிக்கையில் காயம், ஒரு கண்ணில் பார்வைக் குறைபாடு. ஆட்கள் பழம் கொடுத்துப் பழக்கியதால் ஊர்ப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது. 2021 மே மாதம் அதைப் பழங்கள் காட்டியே வாழைத்தோட்டத்தில் மரக்கூண்டுக்குள் கொண்டுவந்து சிகிச்சை கொடுத்தார்கள். ஆகஸ்டில் தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ரிவால்டோ நடந்தே பழைய இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. காயத்துக்கு மருந்து இருக்கிறது. பழக்கத்துக்கு இல்லை.

எதிர்ப் பக்கத்தில், 2023 டிசம்பர் கடைசியில் வால்பாறை பக்கம் நடந்தது சந்தோஷமான கதை. கூட்டத்தைப் பிரிந்து தனியாக நின்ற குட்டி யானையை வனத்துறையினர் மீட்டு, ட்ரோன் வைத்து கூட்டத்தைத் தேடி, தாயிடம் சேர்த்தார்கள். பிறகு அந்தக் குட்டி தாயை ஒட்டிப் படுத்துத் தூங்கும் போட்டோ இந்தியா முழுக்க வைரலானது. இதில் பெரிய ஆபரேஷன் எதுவும் இல்லை. இப்படிப்பட்ட நேரங்களில் குட்டியின் மேல் மனித வாசனை தங்காமல் இருக்கத் தண்ணீரில் குளிப்பாட்டிச் சேறு பூசி அனுப்புவார்கள். 'குட்டிக்குக் குளிச்ச பிறகு சேறு பூசுவாங்க' என்றால் எந்தக் குழந்தைக்கும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

டாக்டர் போகாமல் இருப்பதும் உண்டு

இது சொல்லக் கஷ்டமான பகுதி. இரண்டு புலிகள் சண்டை போட்டு ஒன்றுக்குக் காயம் என்றால், பொதுவாக அதில் தலையிடுவதில்லை. மான் புலியிடம் மாட்டினால் யாரும் காப்பாற்றப் போவதில்லை. இயற்கையாக நடப்பதை விட்டுவிட்டு, மனிதனால் வந்த பாதிப்பில் தலையிடுவதுதான் பெரும்பாலும் நடைமுறை. கண்ணி வலை, மின்வேலி, வாகன மோதல், பிளாஸ்டிக், அவுட்டுக்காய்.

மூன்று வயதில் இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஏழெட்டு வயதில் சொல்லலாம். அந்த வயதில் 'நியாயமா?' என்று கேட்கும் புத்தி வந்துவிடும். 'புலிக்கும் வீட்ல குட்டி இருக்குல்ல, அதுக்கும் பசிக்கும்ல' என்று பேச்சைத் தொடங்கினால், பல பெரியவர்களைவிடத் தெளிவாகவே குழந்தைகள் புரிந்துகொள்வார்கள்.

சில சமயம் நோயே இல்லாத விலங்குக்கும் ஊசி போடுகிறார்கள். 2023-ல் கேரளாவின் சின்னக்கானலில் இருந்து பெரியாறு காட்டுக்கு மாற்றப்பட்ட 'அரிக்கொம்பன்', தமிழ்நாட்டுக்குள் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது நினைவிருக்கும். ஜூன் 5-ம் தேதி அதை மீண்டும் மயக்கிப் பிடித்து, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அங்கே டாக்டரின் வேலை வைத்தியம் பார்ப்பது அல்ல. யானைக்கும் ஊருக்கும் நடுவில் நின்று, யானை சாகாமல் பார்த்துக்கொள்வது.

'தூங்குது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். டாக்டர் வந்தும் ஏன் செத்துப்போச்சு?

பெரும்பாலான வீடுகளில் கைவசம் இருக்கும் பதில், 'யானை தூங்குதுடா கண்ணா'. நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் இந்த விஷயத்தில் அது இரட்டைக் குழப்பம். மயக்க ஊசி போட்டால் விலங்கு 'தூங்கும்' என்றும் அதே குழந்தைக்குத்தான் சொல்கிறோம். செத்துப்போனதும் 'தூங்குது' என்றால், டாக்டர் ஊசி போட்டதால்தான் இப்படி ஆச்சு என்று குழந்தை கோர்த்துக்கொள்ளும். அடுத்த முறை தடுப்பூசிக்குப் போகும்போது அந்தப் பயம் வேறு உருவத்தில் வெளியே வரும்.

நேராகச் சொல்வதே எளிது. 'அதுக்கு உடம்பு ரொம்ப ரொம்ப முடியல. டாக்டருங்க நாலு நாள் பக்கத்துலயே இருந்து பார்த்தாங்க. ஆனா சரி பண்ண முடியல. அது செத்துப்போச்சு. இனிமே அதுக்கு வலிக்காது.' அவ்வளவுதான். குழந்தை அழுதால் அழட்டும். பெரியவர்களும்தானே அழுதார்கள். 2021 ஜனவரியில் மசினகுடியில் தீ வைத்து எறியப்பட்ட டயரால் காது கருகிய யானை, தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் லாரியிலேயே இறந்தது. அதற்கு முன்பே முதுகுக் காயத்துக்காகக் கும்கிகள் உதவியோடு சிகிச்சை பெற்ற யானை அது. லாரியில் அதன் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு வனத்துறை ஊழியர் ஒருவர் அழுத வீடியோவை மறந்திருக்க முடியாது.

அந்த டயர் வீடியோவைக் குழந்தைக்குக் காட்டவே கூடாது என்பது வேறு விஷயம். தாமாகப் பார்த்துவிட்டால், 'தப்பு பண்ணவங்களைப் போலீஸ் பிடிச்சாங்க' என்ற உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இருவர் கைது செய்யப்பட்டார்கள்.

'குட்டி என்ன ஆச்சு?' என்று தொடரும் கேள்விக்கு, 'இப்போ காட்டுல இருக்கு, மத்த யானைங்க பார்த்துக்கும்னு நம்புறோம்' என்பதுவரை சொல்லலாம். அதற்கு மேல் இனிப்பு தடவத் தேவையில்லை.

குப்பையை யார் போட்டா?

குழந்தை இதையும் கேட்கும். மருதமலை யானை விஷயத்தில் பிளாஸ்டிக் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. உள்ளுறுப்புகள் ஏற்கெனவே கெட்டிருந்தன. ஆனால், காட்டை ஒட்டிய சோமையம்பாளையம் ஊராட்சிக் குப்பைக் கிடங்குக்கு யானைகள் வந்து மேய்வது அந்தப் பகுதி மக்கள் பல காலமாகப் பார்த்து வரும் காட்சி. ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அந்தத் தடைக்கு ஆறு வருஷம் கழித்து இறந்த யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது.

உப்பும் சோறும் ஒட்டிய கவரை, யானை கவராகப் பார்ப்பதில்லை. வாசனை வருகிறது, அப்படியே விழுங்குகிறது. 'சிப்ஸ் பாக்கெட்டை முகர்ந்து பாரு, காலியானாலும் வாசனை வருதா?' என்று கேட்டால் குழந்தைக்கு ஒரே நொடியில் புரியும்.

அவுட்டுக்காய் பற்றிக் கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்குத்தான் பேச முடியும். காட்டுப்பன்றிக்காகப் பழத்துக்குள் வைக்கும் நாட்டு வெடி அது. 2020 மே மாதம் பாலக்காடு பக்கம் இப்படி வாய் சிதைந்த கர்ப்பிணி யானை, வலி தாங்காமல் ஆற்றுக்குள் போய் நின்று அங்கேயே இறந்தது. தாடை உடைந்த யானையால் தின்ன முடியாது. டாக்டரால் காயத்தைக் கழுவலாம். உடைந்த தாடையை மாற்றிப் பொருத்த முடியாது.

கழுகுகளின் கதை இன்னும் விநோதம். மாட்டுக்கு வலி மருந்தாகப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சம் இருக்கும் கழுகுகளை எந்த டாக்டரும் பிடித்து ஊசி போட்டுக் காப்பாற்ற முடியாது. பக்கத்துக் கிராமத்து மாட்டுக்கு டாக்டர் எந்த மருந்து எழுதுகிறார் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

வீட்டு வாசலில் விழும் குஞ்சு

யானையும் புலியும் தினமும் கண்ணில் படப்போவதில்லை. அபார்ட்மென்ட் வாசலில் விழுந்து கிடக்கும் மைனாக் குஞ்சுதான் பெரும்பாலான குழந்தைகளின் முதல் 'பேஷன்ட்'. இங்கே பெற்றோரே அதிகம் சொதப்புவார்கள்.

இறகு முளைத்துத் தத்தித் தத்தி நடக்கும் குஞ்சு என்றால் அது தொலைந்துபோகவில்லை. பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்து மரத்தில் இருக்கும். பூனை, நாயை மட்டும் விரட்டிவிட்டுத் தூரத்தில் நின்று பார்த்தால் போதும். இறகே இல்லாத குஞ்சு என்றால், கூடு எட்டினால் பெரியவர்கள் மெதுவாகத் திரும்ப வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பறவைகள் விஷயத்தில் பெரும்பாலும் கட்டுக்கதை. வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவதுதான் ஆபத்து. அது நுரையீரலுக்குள் போய்விடும். ரத்தம் வந்தாலோ இறக்கை தொங்கினாலோ, காற்றுப் போகும் அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்ல வேண்டும். பச்சைக்கிளியாக இருந்தால் 'நாமே வளர்க்கலாமே' என்ற ஆசை வரும். சட்டப்படி அது குற்றம்.

குரங்கு, வௌவால், அணில் எதுவாக இருந்தாலும் குழந்தை தொடக் கூடாது. கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திட்டினால் அடுத்த முறை குழந்தை மறைத்துவிடும். அதனால் திட்டு வேண்டாம்.

யூடியூபில் வரும் 'அனிமல் ரெஸ்க்யூ' வீடியோக்களையும் கவனிக்க வேண்டும். குட்டியை வேண்டுமென்றே பாம்பு முன்னால் போட்டு, பிறகு ஹீரோ மாதிரி காப்பாற்றும் நாடகங்கள் நிறைய. இப்போது ஏ.ஐ. வீடியோக்களும் சேர்ந்துகொண்டன. சோதிக்க ஒரு கேள்வி போதும். கேமரா ஏன் முன்னாடியே அங்க இருந்துச்சு?

வீட்டில் டாக்டர் செட் வைத்து விளையாடும் குழந்தை என்றால், விதியை மட்டும் மாற்றிப் பாருங்கள். பொம்மை யானை ஹால் கடைசியில். டாக்டர் சோபாவுக்குப் பின்னால். தொடக் கூடாது, கத்தக் கூடாது. டாய்லெட் பேப்பர் அட்டைதான் பைனாகுலர். யானைக்கு என்ன பிரச்னை என்று பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். சத்தம் போட்டால் யானை காட்டுக்குள் போய்விடும், ஆட்டம் குளோஸ்.

நிஜ யானையைப் பக்கத்தில் பார்க்க முதுமலை தெப்பக்காடு முகாம் இருக்கிறது. 2023-ல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' எடுத்த இடம். உணவு நேரத்தில் ராகி, கொள்ளு, அரிசி உருண்டைகளை யானைக்குத் தகுந்த மாதிரி அளந்து கொடுப்பதைப் பார்க்கலாம். அவை முகாம் யானைகள், காட்டு யானைகள் வேறு என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அங்கே இருந்த 'மூர்த்தி'யின் கதையைப் போகும் வழியில் காரிலேயே சொல்லலாம். கேரளாவிலும் கூடலூர் பக்கத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற மக்னா யானை. 1998-ல் பிடிபட்டபோது உடம்பெல்லாம் காயம். அதற்கு வைத்தியம் பார்த்தவர் டாக்டர் வி.கிருஷ்ணமூர்த்தி. காட்டில் இறக்கும் ஒவ்வொரு யானையையும் உடற்கூராய்வு செய்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தவர். ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதையில் வரும் 'டாக்டர் கே' அவர்தான். மூர்த்திக்கு அந்தப் பெயர் வந்ததும் அவரால்தான். காயம் ஆறிய மூர்த்தி அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேல் முகாமில் சாதுவாக வாழ்ந்து, 2024 அக்டோபரில் இறந்தது.